சேறு யாருக்கு?

வடகீழ்ப் பருவமழை வலுத்துவிட்டால், சம்மாந்துறை வயல்களிலிருந்து கல்முனைக்குத் திரும்பும் பிக்கப் வண்டிகள் வீதியெங்கும் சேற்றை வாரி இறைக்கின்றன. பின்சில்லுகளுக்கு றப்பர் மறைப்புப் பூட்டுவதா, வேண்டாமா?

“வரம்பிலே பின்னெடுக்கும்போது சில்லில் சிக்கிக் கிழிந்துவிடும், வீண் செலவு” என்பர் உடைமையாளர் சிலர். கிழிவது உண்மையே. வயலுக்குள் அதனை மடித்துக் கட்ட ஒரு சிறு சங்கிலி போதாதா?

சாய்ந்தமருது முதல் மருதமுனை வரை ஏ 4 நெடுஞ்சாலை ஊரோடு ஊர் ஒட்டிச் செல்கின்றது. அங்கே வண்டியின் பின்னே வருவோர் யாவர்? வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள். ஜும்ஆவுக்குச் செல்லும் பெரியோர். துவிச்சக்கர வண்டியில் வரும் தொழிலாளர். தெறிக்கும் சரளைக்கல் கண்ணையும் பறிக்கக்கூடும்.

மறைப்பு வண்டிக்காரரைவிடப் பின்வருவோரையே காக்கின்றது. ஆதலின் அதன் தேவையை முன்னிருக்கையில் அமர்ந்து அளத்தலாகாது. தம் வயற்சேற்றைப் பிறர் ஆடையிற் பூச எவருக்கும் உரிமையில்லை. பூட்டுங்கள்!