சனியின் சந்திரனில் காற்றை அளந்தார்கள்!

ரயில் ஊதலைக் கேட்காதவர் காணையிலும் விழுப்புரத்திலும் உண்டா? வண்டி நெருங்கி வரும்போது ஊதல் கீச்சென்று கேட்கும். தாண்டிப் போனதும் அதே ஊதல் கனத்த குரலாகிவிடும். ஊதல் மாறவில்லை. வண்டியின் ஓட்டம்தான் ஓசையை அப்படிக் காட்டுகிறது. "டாப்ளர் விளைவு" என்று இதற்குப் பெயர்.

இதை வைத்துக்கொண்டே, சுமார் 120 கோடி கிலோ மீட்டருக்கு அப்பால் வீசிய காற்றை அளந்துவிட்டார்கள்!

சனி கிரகத்தின் சந்திரன்களில் பெரியது டைட்டான். அதற்கு அடர்ந்த காற்று மண்டலம் உண்டு. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் "ஹைகன்ஸ்" கலம் 1997 அக்டோபரில் புறப்பட்டு, 2005 ஜனவரி 14-ந் தேதி அங்கே இறங்கியது. ஏழே கால் ஆண்டுப் பயணம். ஏழரைக்குக் கொஞ்சம்தான் குறைவு!

பாரசூட்டில் தொங்கியபடி சுமார் இரண்டரை மணி நேரம் இறங்கியது. காற்று தள்ளிய பக்கமெல்லாம் கலமும் போயிற்று. அதற்கேற்ப, அது அனுப்பிய ரேடியோ அலையும் ரயில் ஊதலைப் போல மாறியது. மாறிய அளவைக் கணக்கிட்டால் காற்றின் வேகம் தெரிந்துவிடும்.

விட்டுப்போன கட்டளை

அந்த அலையைப் பிடிக்க வேண்டியது "காசினி" என்ற தாய்க்கலம். அதில் இரண்டு ரிசீவர்கள் இருந்தன. காற்றை அளப்பதற்கான ரிசீவரை இயக்கும் கட்டளை விட்டுப்போயிற்று! கலம் எடுத்த படங்களில் பாதியும் அதோடு போயின.

காற்றுக் கணக்கு மட்டும் தப்பியது. எப்படி? பூமியிலும் காது கொடுத்துக் கேட்க முன்பே ஏற்பாடு செய்திருந்தார்கள். அமெரிக்காவில் கிரீன் பேங்க், ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் ஆகிய இடங்களில் உள்ள ராட்சத ரேடியோ தொலைநோக்கிகள், 67 நிமிடம் பயணம் செய்து வந்த அந்த மெல்லிய அலையைப் பிடித்துவிட்டன.

120 கிலோ மீட்டர் உயரத்தில் காற்றின் வேகம் மணிக்கு 400 கிலோ மீட்டருக்கு மேல்! புயலெல்லாம் அதற்கு முன் எம்மாத்திரம்? தரையருகிலோ, மனிதன் மெல்ல நடக்கும் வேகம்தான். நடுவே ஓர் அடுக்கில் காற்று ஏறக்குறைய நின்றே போயிருந்தது. இதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

"ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு?" என்று செலவுக் கணக்கு பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கூடுதல் ஏற்பாடு வீண் செலவல்ல.

விழுப்புரம் ரயில்வே பள்ளியில் படித்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3-லும் இதைக் காணலாம். பூமியின் சந்திரனில் காற்று வீசாது. ஆனாலும் இறங்கும் வேகம் துல்லியமாகத் தெரிய வேண்டுமே! 2019-ல் சந்திரயான்-2-ன் தரையிறங்கு கலம் மோதி நொறுங்கியது. அதில் இல்லாத ஒரு கருவியை அடுத்த கலத்தில் சேர்த்தார்கள். லேசர் ஒளியை வீசி, டாப்ளர் முறையில் வேகத்தை அளக்கும் கருவி அது.

2023 ஆகஸ்டு 23-ந் தேதி மாலை, விக்ரம் கலம் சந்திரனில் மெதுவாகக் கால் ஊன்றியது.