கிணற்றுக்குள் வந்த கடல்



எரிக்கோ நகரத்தார் எலிசேயு இறைவாக்கினரிடம் வந்து முறையிட்ட வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். ஊர் நல்ல ஊர்தான், தண்ணீரோ கெட்டது, அதனால் சாவும் கருச்சிதைவும் நேரிடுகின்றன என்பதே அவர்கள் குறை. எலிசேயு ஊற்றில் உப்பை இட்டார்; ஆண்டவர் நீரைக் குணமாக்கினார். இன்று பசிபிக் மாக்கடலின் நடுவே ஒரு மக்களினம் அதே குறையைச் சொல்லி முறையிடுகின்றது. ஆனால் அங்கே நீரைக் கெடுப்பதே உப்புதான்.

கிரிபட்டி என எழுதப்பெற்றுக் கிரிபாஸ் என ஒலிக்கப்பெறும் அந்நாடு 33 தீவுகளைக் கொண்டது. 1979-இல் பிரிட்டிஷ் ஆட்சியினின்று விடுதலை பெற்றது. 2020-இல் மக்கள் தொகை ஏறத்தாழ 1,20,000. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் கத்தோலிக்கர். ஒரு தீவு நீங்கலாக மற்றவை யாவும் பவளப்பாறைமேல் படிந்த தாழ்ந்த மணல் திட்டுகள். பெரும்பாலான இடங்களில் நிலம் கடல் மட்டத்திற்கு மேல் 2, 3 மீட்டர் உயரமே உள்ளது. மலையில்லை, ஆறுமில்லை.

கடல் உயர்ந்தால் இத்தீவுகள் ஒருநாள் மூழ்கிவிடும் என்று பலரும் பேசக் கேட்கிறோம். இப்பேச்சில் ஒரு குறையுண்டு. தீங்கு என்றோ வரப்போவது போலவும், அதுவரை அம்மக்கள் நலமாயிருப்பது போலவும் இது நம்மை எண்ணச் செய்கிறது. கடலோ நிலத்தை விழுங்குமுன்பே கிணற்றுக்குள் புகுந்துவிடுகிறது.

மணலில் இறங்கும் மழைநீர், எடை குறைந்ததாதலால், அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. நம் கடற்கரை ஊர்களில் மணலைத் தோண்டி ஊற்றுநீர் மொள்ளுவோர் இதை அனுபவத்தால் அறிவர். மழை பொய்த்தாலும், அளவுக்கு மிஞ்சி இறைத்தாலும் இந்த நன்னீர்ப் படலம் மெலிந்துபோகும். பேரலை கரை தாண்டி வந்தாலோ, உப்பு மேலிருந்தே கிணற்றில் இறங்கும். கடல் மட்டம் உயர உயர, அலை கரை தாண்டுவது எளிதாகிறது. 2022-இல் நெடிய வறட்சியினால் அந்நாட்டு அரசு பேரிடர் நிலையை அறிவிக்க நேர்ந்தது.

இந்நீர்க்கேட்டினின்று நோய்கள் பல வழியாய்ப் பிறக்கின்றன. கிணறுகள் ஆழமற்றவை, கழிப்பிடங்களும் பன்றிப் பட்டிகளும் அவற்றின் அருகிலேயே உள்ளன. எனவே வயிற்றுப்போக்கு பச்சிளங் குழந்தைகளைக் கொள்ளைகொள்கிறது. ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளின் இறப்பில் பசிபிக் நாடுகளின் முன்வரிசையில் நிற்கிறது கிரிபட்டி.

அம்மக்கள் நன்னீர்ப் படலம் வரை குழி தோண்டிப் 'பபாய்' என்னும் சேம்பினக் கிழங்கைப் பயிரிடுவர். குழியில் உப்பேறினால் பயிர் மடியும். பின்பு கப்பலில் வரும் அரிசியும் மாவும் சர்க்கரையுமே உணவாகின்றன. இம்மாற்றத்திற்கு வணிகமும் புதுப் பழக்கங்களும் காரணமாயினும், உவர்நிலம் அதனை விரைவுபடுத்துகிறது. விளைவு, நீரிழிவு நோய். வெளித்தீவுகளை விட்டு வருவோர் தலைநகர்ப் பகுதியாகிய தெற்குத் தாராவாவில் குவிகின்றனர். நாட்டு மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் அக்குறுகிய நிலத்திலேயே வாழ்கின்றனர். நெருக்கமான குடில்களில் காசநோயும் தொழுநோயும் பரவுகின்றன. நீரிழிவால் நலிந்த உடலைக் காசநோய் எளிதில் பற்றும் என்பதை மருத்துவர்கள் அறிவர்.

'வேறு நாட்டிற்குக் குடிபெயரலாமே' என்று சிலர் கேட்கலாம். முன்னாள் குடியரசுத் தலைவர் அனோட்டே டோங் காலத்தில், 2014-இல், அந்நாடு பீஜியில் ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் நிலம் வாங்கியது. போவதானால் மானத்தோடு போகவேண்டும் என்பது அவர் கொள்கை. நியூசிலாந்தில் அடைக்கலம் கேட்ட கிரிபட்டிக் குடிமகன் ஒருவர், நன்னீர்ப் பற்றாக்குறையையும் ஒரு காரணமாகக் காட்டினார். 2020-இல் வெளியான ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழுவின் முடிவு அவருக்குச் சாதகமாக அமையவில்லை. எனினும், பருவநிலை மாற்றத்தால் உயிருக்கு மெய்யான ஆபத்துள்ள இடத்திற்கு ஒருவரைத் திருப்பி அனுப்பலாகாது என்னும் நெறியை அக்குழு ஏற்றுக்கொண்டது.

ஆயினும் முன்னோரின் கல்லறைகள் உள்ள மண்ணைவிட்டுப் போக யார்தான் விரும்புவர்? தங்குவோருக்கு இன்றே தேவைப்படுபவை எளியவை: கூரைநீரைச் சேர்க்கும் தொட்டி, கிணற்றுக்கு எட்டிய கழிப்பிடம், காய்ச்சிய நீர், தடுப்பூசி, அருகில் ஒரு செவிலியர். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கும் பன்னாட்டு நிதியுதவியுடன் திட்டமிடப்பட்டது. இவை நாளைய வெள்ளத்தைத் தடுத்துவிட மாட்டா. ஆனால் இன்று பிறந்த குழந்தை ஐந்து வயதைக் காண உதவும்.

தூய குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் சுற்றுமடலில் கற்பித்தார். உலகை வெப்பமாக்கிய புகையில் கிரிபட்டி மக்களின் பங்கு மிகச் சிறிது. துன்பத்தில் அவர்கள் பங்கோ பெரிது. ஆகவே செல்வ நாடுகள் அவர்களுக்குச் செய்வது பிச்சையன்று; பட்ட கடனைத் தீர்ப்பதாகும். நாமும் எரிபொருளையும் மின்சாரத்தையும் சிக்கனமாய்ப் பயன்படுத்துவோம். இன்றிரவு குடும்ப செபமாலையில் ஒரு பத்து மணியை அத்தீவுகளின் தாய்மாருக்காக ஒப்புக்கொடுங்கள். அவர்கள் யார், அவர்களுக்கு நேர்ந்திருப்பது யாது என்பதைப் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.