சமையலறைக்குத் தீவு தேவையா?

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்துவிட்டால் வீட்டில் முதலில் இடிபடுவது சமையலறைதான். பழைய கடப்பா மேடையை உடைத்துவிட்டு மாடுலர் கிச்சன் போட்டாக வேண்டும். கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஒரு முப்பரிமாணப் படம் காட்டுவார். அதில் கிச்சன் சின்னக் கல்யாண மண்டபம் அளவுக்கு இருக்கும். நடுவில் தனியாக ஒரு மேடை, அதற்கு மேலே வரிசையாகத் தொங்கும் மூன்று விளக்குகள், ஒரு கிண்ணத்தில் பச்சை ஆப்பிள். (வெங்காயக் கூடை எங்கே என்று யாரும் கேட்பதில்லை!) அந்த நடு மேடைக்குப் பெயர்தான் ஐலண்ட். அதாவது தீவு.

படம் பிடித்துப்போகும், அட்வான்ஸும் கொடுத்தாகிவிடும். மூன்று மாதம் கழித்து அந்த மாதிரி வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். வீட்டு அம்மா ஹாலில் பேப்பரை விரித்து, டிவிக்கு முன்னால் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருப்பார். கேட்டால், "உள்ளே ஒரே வெக்கை, வெளிச்சமும் சரியா இல்லை" என்பார். காய் நறுக்கத்தான் அந்த அறை. லட்சக்கணக்கில் செலவு செய்த பிறகும் அந்த ஒரு வேலை ஹாலுக்கு வந்துவிடுகிறது என்றால் திட்டத்தில் எங்கோ கோளாறு.

கோளாறு வரிசையில் இருக்கிறது. முதலில் அலமாரி, பிறகு கிரானைட் நிறம், பிறகு தீவு, கடைசியில் மிச்சமிருக்கும் காசில் விளக்கு. ஜன்னல் பட்டியலிலேயே கிடையாது. இருக்கிற ஜன்னலை மூடச் சொல்பவர்களும் உண்டு. "இதை அடைச்சிட்டா ரெண்டு கப்போர்டு கிடைக்கும் சார்" என்பார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். ஜன்னல், விளக்கு, அலமாரி, அதற்கப்புறமும் இடமும் பணமும் இருந்தால் தீவு.

பழைய வீடுகளில் காய் நறுக்குவதற்கு யாரும் இடம் திட்டமிடவில்லை. அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு முற்றத்தின் ஓரத்திலோ கொல்லைப்புற வாசலிலோ உட்கார்ந்தார்கள். வெளிச்சம் எங்கே இருந்ததோ அங்கே வேலை போனது. நின்றுகொண்டு சமைக்கும் மேடை வந்தபோது வேலை சுவரோடு ஒட்டிக்கொண்டது. வெளிச்சம் கூட வரவில்லை.

இப்போது ஃபிளாட் சமையலறையின் விளக்கைக் கவனியுங்கள். ஒரே ஒரு டியூப்லைட், அதுவும் பெரும்பாலும் அறையின் நடுவில் அல்லது எதிர்ச் சுவரில். மேடை சுவரோரம் இருக்கிறது. மேடையைப் பார்த்து நிற்பவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வருகிறது. அவருடைய தலையும் தோளும் நறுக்குகிற பலகையின் மேலேயே நிழலாக விழுகின்றன. கத்தி இருக்கும் இடம்தான் அந்த அறையிலேயே இருட்டான இடம்! 20 வாட்டை எடுத்துவிட்டு 40 வாட் போட்டாலும் நிழல் அங்கேயேதான் நிற்கும். விளக்கின் சக்தியைக் கூட்டிப் பயனில்லை, விளக்கு கைக்கு முன்னால் வர வேண்டும்.

இதற்கு ஆகும் செலவும் பெரிதில்லை. மேல் அலமாரியின் அடியில் ஒரு எல்.இ.டி. பட்டை ஒட்டினால் போதும். சுவரோரம் ஒட்டாமல் அலமாரியின் முன் விளிம்பை ஒட்டி, ஒரு சின்னத் தடுப்புக்குப் பின்னால் இருக்க வேண்டும். அப்போதுதான் வெளிச்சம் பலகை மேல் விழும், கண்ணிலும் குத்தாது. பட்டைக்கு மேல் பால் நிற மூடி அவசியம். இல்லாவிட்டால் பளபளக்கும் கறுப்பு கிரானைட்டில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத் தெரிந்து எரிச்சலூட்டும். இந்த வேலைக்கு ஒயர் சுவருக்குள் போக வேண்டும், எனவே டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட வேண்டும். ஒட்டிய பிறகு சொன்னால் அவர் ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள்...

நிறமும் முக்கியம். கடையில் பெரும்பாலும் கையில் திணிப்பது 6500 கெல்வின், நீலம் கலந்த வெள்ளை. சமையலுக்கு 4000 கெல்வின் இதமாக இருக்கும். விளக்குப் பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று இன்னொரு எண் இருக்கும். பொருள்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு அது. 80 சாதாரணம், 90க்கு மேல் நல்லது. மலிவான விளக்குகள் முக்கியமாகச் சிவப்பில் கோட்டை விடும். வெங்காயம் பொன்னிறமா கருகலா, கறி வெந்ததா, தக்காளி பழுத்ததா என்பதெல்லாம் சிவப்பை நம்பித்தான் தெரியும்.

இது வெறும் அழகு விஷயம் இல்லை. 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, 20 வயதுக் கண்ணுக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் போய்ச் சேர்கிறது. கண்மணி சுருங்குவதும் லென்ஸ் மஞ்சளாவதும் காரணம். கடையில் வடிவமைப்பைத் தேர்ந்தெடுப்பது 28 வயது மகன். அரிசியில் கல் பொறுக்குவதும் கத்தரிக்காயில் புழு பார்ப்பதும் 58 வயது அம்மா. அவனுக்குப் போதுமான வெளிச்சம் அவருக்குப் போதாது. அவரை யாரும் கடைக்கு அழைத்துப் போவதும் இல்லை.

ஜன்னலுக்கு வருவோம். சமையலறையில் சீலிங் ஃபேன் போட முடியாது, அடுப்புத் தீ அலையும். எனவே மே மாதத்தில் அங்கே நிற்பவருக்கு இருக்கும் ஒரே ஆறுதல் ஜன்னல். ஆனால் இன்றைய ஸ்லைடிங் ஜன்னலில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டு கதவுகளில் ஒன்று எப்போதும் மூடியே இருக்கும். நான்கடி ஜன்னல் என்றால் காற்றுக்குத் திறப்பது இரண்டடிதான். வெளிப்புறமாக விரியத் திறக்கும் பழைய மாதிரிக் கதவு முழுசாகத் திறக்கும். இதைச் சொன்னால் ஓல்டு ஃபேஷன் என்பார்கள், சொல்லட்டும்.

ஜன்னலுக்குக் கீழே எதை வைப்பது? அடுப்பை வைத்தால் காற்றில் தீ அலையும், கொசுவலையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும். ஜன்னலுக்கு நேர் நறுக்கும் இடமோ சிங்கோ வர வேண்டும், அடுப்பு பக்கச் சுவருக்குப் போக வேண்டும். சென்னையில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாஸ்து சொல்வது அக்னி மூலை, தென்கிழக்கு. சென்னையின் கடற்காற்றும் மதியத்துக்கு மேல் கிழக்குப் பக்கமிருந்துதான் வருகிறது. காற்று நுழையும் பக்கத்தில் சமையலறை இருந்தால் தாளிப்பு வாசனை முழுக்க ஹாலுக்கும் படுக்கையறைக்கும் பயணம் செய்யும். மூலையை மாற்ற மனசு வராதவர்கள் குறைந்தபட்சம் அடுப்புக்குப் பக்கத்தில் எக்ஸாஸ்ட் ஃபேனாவது வைக்கலாம். அதோடு இன்னொரு பக்கம் காற்று உள்ளே வர வழி விட வேண்டும். எல்லாவற்றையும் மூடிவிட்டு ஃபேனையோ சிம்னியையோ ஓடவிட்டால் சத்தம்தான் வரும், புகை போகாது.

ஜன்னலை மட்டும் நம்பக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே ஏறாமல் தரையில் தேங்கும். மேடைக்கு மேலே எவ்வளவு பெரிய ஜன்னல் இருந்தாலும் அது போகாது. சிலிண்டரை அழகான கதவு போட்டு மறைக்கிறவர்கள் அந்த அலமாரியின் அடியில் காற்றுத் துளைகள் விட்டே ஆக வேண்டும். தரையை ஒட்டிய மட்டத்தில் வெளியே போக ஒரு வழி இருப்பது இன்னும் நல்லது.

சரி, தீவு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுவர் மேடை 2 அடி. அமெரிக்காவின் தேசியச் சமையலறை-குளியலறைச் சங்கம் ஒருவர் வேலை செய்யும் இடைவெளிக்குச் சொல்லும் அளவு 42 அங்குலம், அதாவது மூன்றரை அடி. இருவர் என்றால் 48 அங்குலம். தீவு குறைந்தது 2 அடி அகலம். அதற்குப் பின்னால் ஆள் நடக்க 3 அடி. மொத்தம் பத்தரை அடி. எதிர்ச் சுவரில் ஃபிரிட்ஜோ அலமாரியோ இருந்தால் பன்னிரண்டரை. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, தனியாக உணவறை இருக்கும் வீட்டுச் சமையலறைக்குச் சொல்லும் குறைந்தபட்ச அகலம் 1.8 மீட்டர், ஆறடிக்கும் குறைவு. எட்டுக்கு எட்டு கிச்சனே பெரிது என்று விற்கிற ஊரில் தீவு எங்கே போய் உட்காரும்? ஹால் சுவரை உடைத்தால் உட்காரும். உடைத்தால் மிளகாய் வதக்கும்போது ஹாலில் இருப்பவர்களும் சேர்ந்து இருமலாம்.

அமெரிக்காவில் அதற்கு அர்த்தம் இருக்கிறது. இடம் பெரிது, பக்கத்திலேயே பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுவார்கள், சமைப்பவர் சுவரைப் பார்க்காமல் மனிதர்களைப் பார்த்து நிற்கலாம். இந்தக் கடைசி விஷயம் உண்மையிலேயே நல்ல விஷயம். கோவையிலோ திருச்சியிலோ தனி வீடு, பதினான்கு அடிச் சமையலறை என்றால் தாராளமாகப் போடலாம். ஆனால் அதில் அடுப்பு வேண்டாம். கேஸ் குழாய் தரையைக் குடைந்து வர வேண்டும், சுவர் இல்லாத இடத்தில் சிம்னியும் புகையைச் சரியாகப் பிடிக்காது. மற்றவர்களுக்கு ஜன்னலோரம் ஒரு சின்ன மேசையும் முக்காலியும் போதும்.

முக்காலி என்றதும் ஒருவர் நினைவுக்கு வர வேண்டும். ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. 1926இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக அவர் வடிவமைத்த சமையலறை சுமார் 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். நம்ம ஊர் ஃபிளாட் கிச்சன் அளவுதான்! ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது அமைக்கப்பட்டது. தீவு கிடையாது. நறுக்கும் மேசை நேராக ஜன்னலுக்குக் கீழே. உட்கார்ந்து வேலை செய்யச் சுழலும் முக்காலி. கூரையில் ஒரு தண்டவாளம், அதில் வேண்டிய இடத்துக்கு நகர்த்திக்கொள்ளும் ஒரே விளக்கு. குறையும் இருந்தது. இரண்டாவது ஆள் நிற்க இடமில்லை, பெண்ணைத் தனியாக அடைத்துவிட்டது என்று பிற்காலத்துப் பெண்ணியவாதிகள் திட்டினார்கள். அந்தத் திட்டு நியாயமானதும்கூட. ஆனாலும் விளக்கும் ஜன்னலும் கை வேலை செய்யும் இடத்துக்குப் போக வேண்டும் என்பதில் அவர் தவறவில்லை. அதைச் செய்தவர் தான் அதுவரை சமைத்ததே இல்லை என்று ஒப்புக்கொண்டவர் என்பதுதான் வேடிக்கை. ஸ்டாப்வாட்ச்சை வைத்து ஒவ்வொரு அசைவையும் அளந்து கற்றுக்கொண்டார்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். இரவு எட்டு மணிக்குப் பழைய சமையலறையில் மேடை முன் நின்று, தன் நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். விளக்கு வர வேண்டிய இடம் அதுதான். தீவு வந்தே தீர வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் சாப்பாட்டு மேசையைச் சமையலறை நடுவில் இழுத்துப் போட்டு, ஒரு வாரம் கொதிக்கிற சாம்பாரோடு அதைச் சுற்றி நடந்து பார்க்கட்டும்.