வெளிமாநிலத்தாருக்கு ஏன் இரட்டைக் கட்டணம்?

அமெரிக்காவில் பணி ஓய்வு பெற்றவர்கள் பலர் வீட்டை விற்றுவிட்டு, படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் கொண்ட ஆர்.வி. வண்டியிலேயே ஊர் ஊராகப் போய் வாழ்கிறார்கள். கோடை விடுமுறைக்கு அதே வண்டியை வாடகைக்கு எடுக்கும் குடும்பங்களும் ஏராளம். அங்குள்ள தமிழ்க் குடும்பங்களும் அவற்றில் உண்டு. இரவு தங்க இவர்கள் முதலில் தேடுவது மாநிலப் பூங்காவைத்தான். மரநிழல், ஏரிக்கரை, கட்டுப்படியாகும் கட்டணம் எல்லாம் அங்கே கிடைக்கும். ஆனால், சில மாநிலங்களில் அந்தக் கட்டணம் வெளிமாநிலத்தாருக்கு மட்டும் எட்டாமல் போய்க்கொண்டிருக்கிறது. இது தவறான போக்கு.

கூட்டம் மிகுந்த ஃபாரகட், பிரீஸ்ட் லேக், பாண்டரோசா உள்ளிட்ட பூங்காக்களில் வெளிமாநிலத்தாரிடம் இரண்டு மடங்கு வரை வசூலிக்க ஐடஹோ 2021இல் சட்டம் இயற்றியது. வாகன நுழைவுக் கட்டணம் 7 டாலரிலிருந்து 14 ஆனது. முகாம் கட்டணமும் உயர்ந்தது. நியூ மெக்சிகோ 2025இல் கட்டணத்தை உயர்த்தியபோது தன் மாநிலத்தாருக்கு மட்டும் பாதித் தள்ளுபடி தந்தது.

உள்ளூர் மக்களின் ஆதங்கம் நியாயமானதே. கொரோனா காலத்தில் ஆர்.வி. மோகம் உச்சத்துக்குப் போனது. 2021இல் மட்டும் 6 லட்சம் வண்டிகள் ஆலைகளிலிருந்து வெளியேறின. வரி கட்டும் தமக்கே சொந்த ஏரிக்கரையில் இடமில்லை என்றால் யாருக்கும் கோபம் வரும். ஆனால், அதற்கு மருந்து விலையேற்றம் அல்ல. பல லட்சம் டாலர் சொகுசு வண்டியில் வருபவரை இருபது டாலர் கூடுதல் கட்டணம் தடுக்காது. பழைய டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஓய்வூதியத்தில் வாழும் முதியவரைத்தான் அது விரட்டும்.

ஃபுளோரிடாவின் அனஸ்டேசியா பூங்காவைப் பாருங்கள். ஓர் இரவுக்கு 28 டாலர் என்கிறது அறிவிப்பு. ஆர்.வி. வண்டிக்கு மின்சாரம், தண்ணீருக்காக இரவுக்கு 7 டாலர் சேரும். முன்பதிவுக்குத் திரும்பக் கிடைக்காத 6.70 டாலர் தனி. வரி சேருமுன்பே 41.70 டாலர் ஆகிவிடுகிறது. ஒரு வாரம் தங்கினால் சராசரி 36 டாலருக்குச் சற்றுக் குறையும். ஓரிரவு மட்டும் தங்கிப்போகிறவருக்குத்தான் அடி பலம். 65 வயதான ஃபுளோரிடாவாசிக்கு அடிப்படைக் கட்டணத்தில் பாதித் தள்ளுபடி உண்டு. பக்கத்து ஜார்ஜியாவிலிருந்து வரும் அதே வயதினருக்குக் கிடையாது.

வேறு இடம் போகலாமே என்பார்கள். தனியார் முகாம்களில் நல்ல பருவத்தில், பெயர்பெற்ற இடங்களில் இதைவிடக் கணிசமாகக் கூடும். ராணுவப் பொறியாளர் படைப்பிரிவின் அணைக்கரை முகாம்கள் மலிவு. 62 வயது தாண்டியவர் 80 டாலருக்கு ஆயுள் அட்டை வாங்கினால் அங்கே பாதிக் கட்டணம்தான். ஆனால், மாநிலப் பூங்காவில் அந்த அட்டை செல்லாது. மேற்கு மாநிலங்களில் கூட்டாட்சி அரசின் திறந்தவெளி நிலங்களில் பொதுவாக 14 நாள் இலவசமாகத் தங்கலாம். ஆனால் அங்கே குழாயும் இல்லை, மின்கம்பமும் இல்லை. தண்ணீரைச் சுமக்க வேண்டும், ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். வால்மார்ட் வாகன நிறுத்தத்தில் இரவைக் கழிப்பது கடை மேலாளரின் தயவைப் பொறுத்தது. சுவாசக் கருவிக்கு இரவெல்லாம் மின்சாரம் தேவைப்படும் ஒருவருக்கு இந்த இலவசங்களால் பயனில்லை.

இந்தப் பூங்காக்கள் ஒரு மாநிலத்தார் பணத்தில் மட்டும் உருவானவையும் அல்ல. 1930களில் கூட்டாட்சி அரசு சம்பளம் கொடுத்து அமர்த்திய இளைஞர்கள் 700க்கும் மேற்பட்ட மாநிலப் பூங்காக்களை எழுப்பினார்கள். கடல் எண்ணெய், எரிவாயு வருவாயிலிருந்து வரும் நில, நீர்ப் பாதுகாப்பு நிதி 1965 முதல் பூங்காக்களுக்குப் போகிறது. அந்த நிதி பெற்ற இடங்களில் வெளியாரிடம் இரு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்பது விதி. உச்சவரம்பாக வைத்ததை வசூல் இலக்காக்கிக்கொள்வது அந்த விதியின் நோக்கத்துக்கே விரோதம்.

பணத்துக்கு வழி இருக்கிறது. மிசௌரி 1984இல் டாலருக்கு ஒரு சென்ட்டின் பத்தில் ஒரு பங்கு விற்பனை வரியைப் பூங்காக்களுக்கும் மண்வளத்துக்கும் ஒதுக்கியது. அங்கே இன்றும் நுழைவு இலவசம். வெளியூரிலிருந்து வந்து மளிகை வாங்குபவரும் அந்த வரியைக் கட்டுகிறார். டெக்சஸ் வாக்காளர்கள் விளையாட்டுப் பொருள் விற்பனை வரியைப் பூங்காக்களுக்கே உரியதாக்க 2019இல் பெருவாரியாக ஒப்புதல் தந்தார்கள். உள்ளூர் மக்களுக்கு முன்னுரிமை தரவும் ஃபுளோரிடாவே வழி காட்டுகிறது: 2024 முதல் அம்மாநிலத்தார் 11 மாதம் முன்பாக முன்பதிவு செய்யலாம், மற்றவர்கள் 10 மாதம். யாருடைய சட்டைப்பையிலும் கைவைக்காமல் முறையை வகுத்த ஏற்பாடு இது.

ஐடஹோவும் அதன் வழியில் போகும் மாநிலங்களும் இரட்டைக் கட்டணத்தைக் கைவிட்டு, முன்பதிவில் முன்னுரிமையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கட்டண மாற்றம் பற்றிப் பூங்கா வாரியங்கள் கருத்து கேட்கும்போது, அங்கு வாழும் நம் வாசகர்களும் தவறாமல் எழுத வேண்டும்.