முதல் அடி சேம்பருக்கு விழக் கூடாது

அமெரிக்காவில் ஒரு பழைய நிசான் 240எஸ்எக்ஸ் காரை வாங்கி, அதிலிருக்கும் நான்கு சிலிண்டர் எஞ்சினைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வகை வி8 எஞ்சினை அந்த இடத்தில் உட்கார வைப்பது கார் பைத்தியங்களின் பிரபலமான பொழுதுபோக்கு. எடை குறைந்த, பின்சக்கரம் இழுக்கும் வண்டி அது. 1997-ல் கார்வெட் காரில் அறிமுகமான எல்எஸ் எஞ்சினோ, தரும் சக்தியோடு ஒப்பிட்டால் உருவத்தில் சிறியது. பொருத்தம் பார்த்தால் நல்ல ஜோடிதான்! எஞ்சின் மாறியதும் அடுத்த வேலை, ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தாழ்த்துவது. பார்க்கவும் அழகு, வளைவில் உருளாமலும் நிற்கும்.

இந்த இரண்டு ஆசைகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கும் பாகம் ஒன்று உண்டு. அதுதான் ஆயில் பான். நம்மூர் மெக்கானிக்குகள் 'சேம்பர்' என்பார்கள். எஞ்சினின் அடிவயிற்றில் தொங்கிக்கொண்டு மொத்த ஆயிலையும் தாங்கி நிற்பது. அது வேகத்தடையில் இடித்து உடைந்துவிட்டால், "என்ன செய்வது, துரதிர்ஷ்டம்" என்று சொல்லிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலான சமயங்களில் அதில் துரதிர்ஷ்டம் எதுவும் இல்லை. எஞ்சினை இறக்கிய அன்றே டேப் பிடித்து அளந்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய விஷயம்தான் அது.

ஒரு காரை வடிவமைப்பவர்கள், அடியில் எது முதலில் தரையில் இடிக்க வேண்டும் என்பதையும் யோசித்தே வைக்கிறார்கள். பெரும்பாலும் அந்த அடியை வாங்கும் பொறுப்பு கிராஸ் மெம்பர் என்ற தடித்த இரும்புச் சட்டத்துக்கு. சேம்பர் அதற்குப் பின்னாலோ சற்று மேலேயோ ஒளிந்திருக்கும். வேறொரு வண்டிக்காகச் செய்த எஞ்சினைக் கொண்டுவந்து வைக்கும்போது இந்த வரிசை கலைந்துவிடுகிறது. சட்டத்துக்குக் கீழே சேம்பர் எட்டிப் பார்க்கிறது. வரிசையைக் கலைத்தவருக்கே அதை மறுபடி ஒழுங்குபடுத்தும் கடமையும் உண்டு. குதிரைத்திறனைக் கூட்டுவதில் இருக்கும் உற்சாகம் இந்தக் கடமையில் பலருக்கு இருப்பதில்லை.

எல்எஸ் எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். காயலான் கடையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் செவ்ரலே, ஜிஎம்சி பிக்கப் டிரக்குகளிலிருந்து கழற்றிய 4.8 அல்லது 5.3 லிட்டர் எஞ்சின்கள். அவற்றோடு வரும் டிரக் சேம்பர் சுமார் 8 அங்குல ஆழம். உயரமான டிரக்கில் அது பிரச்சினையே இல்லை. தாழ்ந்த காரிலோ அது தரையைத் தடவும். 1998 முதல் 2002 வரை வந்த கமாரோ காரின் சேம்பர் சுமார் 5.5 அங்குலம்தான். அதனால்தான் பலர் அதைத் தேடி வாங்குகிறார்கள். இப்படி எஞ்சின் மாற்றுபவர்களுக்காகவே ஹோலி போன்ற நிறுவனங்கள் ஆழம் குறைந்த சேம்பர்களைத் தயாரித்து விற்கின்றன. சேம்பரை மாற்றினால் உறிஞ்சு குழாய், உள்தகடு, ஆயில் அளக்கும் குச்சி எல்லாமே அதற்கேற்ப மாற வேண்டும். செலவுதான். ஆனாலும் எஞ்சினின் விலையோடு ஒப்பிட்டால் சின்னச் செலவு.

சிலர் டிரக் சேம்பரையே அறுத்து, ஆழத்தைக் குறைத்து, அடியில் தகடு வைத்து வெல்டிங் செய்துவிடுகிறார்கள். கைதேர்ந்தவர் செய்தால் சரி. அப்படியில்லாமல் போனால், குழாயின் வாய்க்கும் தரைத்தகட்டுக்கும் இடையே இருக்க வேண்டிய கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளி காணாமல் போகும். வாயை மூடிவிட்டு மூச்சு விடச் சொன்னால் எப்படி?

பழைய கார்களில் சேம்பர் பெரும்பாலும் மெல்லிய இரும்புத் தகடு. அடி பட்டால் நசுங்கும், ஆனால் சட்டென்று உடையாது. எல்எஸ் சேம்பர் வார்ப்பு அலுமினியம். அது நசுங்குவதில்லை, விரிசல் விடும். அது ஆயில் தொட்டி மட்டுமல்ல, கியர்பாக்ஸோடும் போல்ட் போட்டு இணைக்கப்படுகிறது. கமாரோ சேம்பரில் ஆயில் ஃபில்டரும் அதன்மேலேயே இருக்கிறது. அழுத்தத்தோடு ஃபில்டருக்குப் போகும் ஆயில் சேம்பருக்குள் இருக்கும் துளை வழியாகத்தான் போகிறது. அந்த இடத்தில் விரிசல் விழுந்தால் ஆயில் சொட்டாது, பீய்ச்சியடிக்கும்.

கிராங்க் ஷாஃப்ட் தன் பேரிங்குகளைத் தொடாமல், ஒரு மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடிதான் சுழல்கிறது. படலம் போனால் உலோகத்தோடு உலோகம் உரசும். பிறகு எஞ்சினைக் காப்பாற்றக் கிடைக்கும் நேரம் நொடிக் கணக்குதான். ஆகவே அடியில் 'டங்' என்று சத்தம் கேட்டு ஆயில் விளக்கு எரிந்தால், உடனே எஞ்சினை நிறுத்துவது ஒன்றே வழி. வண்டி உருளும் வேகத்திலேயே ஓரம் கட்ட வேண்டும். "வீடு பக்கத்தில்தானே" என்று மறுபடி ஸ்டார்ட் செய்தால், சேம்பரோடு போக வேண்டிய செலவு எஞ்சினையும் சேர்த்துக் கொண்டு போகும்.

அடியில் தடித்த தகடு ஒன்றைப் பொருத்திவிட்டால் போதும் என்பது பலரின் நம்பிக்கை. தகடு நல்லதுதான், ஆனால் அது எதில் பூட்டப்படுகிறது என்பதுதான் கேள்வி. சேம்பரின் போல்ட்டுகளிலேயே மாட்டினால் அடி நேராகச் சேம்பருக்கே போகும். வண்டிச் சட்டத்திலோ கிராஸ் மெம்பரிலோ மாட்டி, எஞ்சின் குலுங்கினாலும் படாதபடி இடைவெளி விட வேண்டும். முன்விளிம்பை மேல்நோக்கி வளைத்தால் மேட்டில் குத்தி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். காற்றோட்டத்துக்கு வழி வேண்டும், ஆயில் மாற்ற ஓட்டையும் வேண்டும். இத்தனையும் செய்தாலும் தகடு இன்னும் கொஞ்சம் உயரத்தைத் தின்னுகிறது என்பதை மறக்கக் கூடாது.

அசல் மருந்து உயரம்தான். மவுண்ட்டை மாற்றி எஞ்சினை அரை அங்குலம் தூக்கலாம். பானெட் இடிக்கிறதா, பின்னால் போகும் ஷாஃப்ட்டின் கோணம் கெடுகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். முடியாவிட்டால் வண்டியைக் கொஞ்சம் உயர்த்துவதே மரியாதை. அமெரிக்கத் தெருக்களின் வேகத்தடைகள் பொதுவாக 3 முதல் 4 அங்குல உயரம். நிற்கும்போது 4 அங்குலம் இருக்கிறதே என்று நிம்மதியடைய முடியாது. ஆள் ஏறி, டேங்க் நிரம்பி, பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்கும்போது எவ்வளவு மிச்சம் என்பதே கணக்கு. "பார்த்து ஓட்டினால் போதும்" என்பவர்கள் இரவையும் மழையையும் தெரியாத ஊரையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

உடைந்துவிட்டால்? எபாக்ஸி பசை, வண்டியைப் பட்டறைவரை கொண்டுசேர்க்கும் கட்டு. அதை வைத்தியம் என்று நினைப்பது தவறு. வார்ப்பு அலுமினியத்தை ஆர்கான் வெல்டிங் மூலம் ஒட்டலாம். ஆனால் உலோகத்தின் துளைகளில் ஊறிய ஆயிலைக் கழுவிச் சூடேற்றிப் போக்க வேண்டும், விரிசலின் இரு முனைகளிலும் துளையிட்டு அது மேலும் ஓடாமல் தடுக்க வேண்டும், சூட்டில் விளிம்பு கோணாமல் இருக்கத் தடித்த பலகையில் பூட்டி வேலை செய்ய வேண்டும். முடிந்ததும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிவு பார்க்க வேண்டும். ஃபில்டர் பக்கம் உடைந்திருந்தால் வேறு சேம்பர் வாங்குவதே புத்திசாலித்தனம். மாட்டும்போது உறிஞ்சு குழாயின் ஓ ரிங்கைப் புதிதாகப் போட வேண்டும். அது மடிந்து உட்கார்ந்தால் ஆயிலுக்குப் பதில் காற்றை இழுக்கும். சேம்பரின் பின்முகம் எஞ்சினின் பின்முகத்தோடு ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று நேர்கோல் வைத்துப் பார்ப்பதும் முக்கியம். மட்டம் தப்பினால் கியர்பாக்ஸை இறுக்கும்போது புதுச் சேம்பரும் விரிசல் விடும்.

இதெல்லாம் அவரவர் வண்டி, அவரவர் பணம் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் உடைந்த சேம்பரிலிருந்து சாலையில் கொட்டுவது 5 லிட்டருக்கும் மேல் ஆயில். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு அது தெரியாது, வளைவில் அது ஒரு பொறி. மழை வந்தால் சாக்கடை வழியாக ஆற்றுக்குப் போகும். ஒரு முறை ஆயில் மாற்றும்போது வரும் பழைய ஆயில் 10 லட்சம் காலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கக்கூடும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை.

வண்டியைத் தாழ்த்துவது குற்றமில்லை, எஞ்சினை மாற்றுவதும் இல்லை. இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர் புது வீல் வாங்கும் முன் வண்டிக்கு அடியில் ஒருமுறை படுத்துப் பார்க்கட்டும். தரைக்கு மிக அருகில் இருப்பது சேம்பர் என்றால், அந்த வண்டி இன்னும் முடியவில்லை.