ஹேங் ஆகுதா? அவசரப்பட்டு ஃபார்மட் போடாதீங்க மக்கா!

ஆபீஸ்ல ஆணி அதிகம், ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல. இன்னைக்கும் எழுதுற மூடு இல்லதான். ஆனா ஒரு தப்பு பண்ணிட்டேன். அதை எங்கயாவது இறக்கி வச்சாத்தான் தூக்கம் வரும் போலிருக்கு.

போன மாசம் குளத்தூர்லருந்து சித்தி மக போன் பண்ணினா. "அண்ணே, லேப்டாப் ஹேங் ஆகிக்கிட்டே கெடக்கு. ஆன் பண்ணி அஞ்சு நிமிஷத்துல அப்படியே நின்னுருது. என்ன செய்ய?" நான் அப்போ மீட்டிங்கில் இருந்தேன். மைக்கை மியூட்ல போட்டுட்டு அரை நிமிஷத்துல தீர்ப்பு சொன்னேன். "வைரஸா இருக்கும். விளாத்திகுளத்துல எங்கயாவது குடுத்து ஃபார்மட் போட்டுரு, சரியாயிரும்."

அவளும் குடுத்தா. கடைக்காரர் "டேட்டா எதுவும் வேணுமாம்மா?"ன்னு முறையாத்தான் கேட்டிருக்கார். "எல்லாம் டி டிரைவ்ல இருக்கு"ன்னு சொல்லியிருக்கா. படிப்பு சம்பந்தமானது எல்லாம் டி டிரைவ்லதான் இருந்தது. ஆனா டெஸ்க்டாப்பில் 'தாத்தா'ன்னு ஒரு ஃபோல்டர். டெஸ்க்டாப் இருக்கிறதே சி டிரைவுக்குள்ளதான்னு அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தா?

அந்த ஃபோல்டர்ல 41 ஆடியோ ஃபைல். தாத்தா திண்ணையில உக்காந்து பேசினதை அவ போன்ல ரெக்கார்ட் பண்ணி, மெமரி ஃபுல் ஆக ஆக லேப்டாப்புக்கு மாத்தி வச்சது. பருத்தி போட்டு நஷ்டப்பட்டது, கமலை இறைச்சது, மழை பொய்த்த வருஷங்கள்னு அவர் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருப்பார். தாத்தா போன வருஷம் தை மாசம் போயிட்டார். அந்த போனும் இப்போ இல்லை.

பத்து நாள் லேப்டாப் நல்லா ஓடுச்சு. பதினோராவது நாள் திரும்பவும் ஹேங்.

அந்த வாரக் கடைசியில ஊருக்குப் போய் பொட்டியைத் திறந்தேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். இது நான் பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப். 2011 செப்டம்பர் 15-ல் ஆரம்பிச்ச அந்தத் திட்டத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேல குடுத்திருக்காங்க. விண்டோஸோட பாஸ் லினக்ஸும் சேர்த்துப் போட்டு வந்துச்சு. கைக்கு வந்ததும் நாங்க செஞ்ச முதல் வேலை பாஸை அழிச்சதுதான், ஹி ஹி. நான் சி புரோகிராம் எழுதிப் பழகினது இதுல. வேலை கிடைச்சு புதுசு வாங்கினதும் தங்கச்சிக்குக் கொடுத்தேன். இத்தனை வருஷம் உழைச்ச பொட்டியைக் குத்தம் சொன்னா பாவம்.

முதல்ல சூடுதான்னு நினைச்சேன். எங்க ஊர்ப் புழுதி பத்தித் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். ஆடிக் காத்துல கரிசல் மண் மாவு மாதிரி பறந்து வீட்டுக்குள்ள வந்து உக்காரும். ஃபேனைக் கழட்டினா கம்பளி மாதிரி ஒரு படை. தட்டி எடுத்தேன். ஆனா விடியக்காலையில, பொட்டி சில்லுன்னு இருக்கும்போதும் ஹேங் ஆச்சு. அப்போ சூடு காரணம் இல்லை.

அதுக்கப்புறம்தான் உக்காந்து பார்த்தேன், அது எப்படி ஹேங் ஆகுதுன்னு. நான் போன்ல கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான். 'ஹேங் ஆகுது'ங்கிறது 'காய்ச்சல் அடிக்குது' மாதிரி. டைபாய்டும் காய்ச்சல்தான், டெங்குவும் காய்ச்சல்தான். மவுஸ் அம்பும் நகரலை, கேப்ஸ் லாக்கை அமுக்கினா அந்த லைட்டும் எரியலைன்னா மொத்த மிஷினும் நின்னு போச்சுன்னு அர்த்தம். ரேம், சூடு, போர்டு, டிரைவர் பக்கம் தேடணும். அம்பு நகருது, லைட் எரியுது, ஆனா எதைக் கிளிக் பண்ணினாலும் பதில் இல்லைன்னா, உள்ள ஏதோ ஒண்ணு எதுக்காகவோ காத்துக்கிட்டு இருக்கு.

இது ரெண்டாவது ரகம். ஹார்ட் டிஸ்க் லைட் விடாம எரிஞ்சிக்கிட்டே இருந்துச்சு. டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100 சதவீதம், ஆனா படிச்ச அளவு கிட்டத்தட்ட பூஜ்யம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, டிஸ்க் தன்னைப் பத்தி தானே எழுதி வைக்கிற கணக்கை எடுத்துக் காட்டும். போட்டேன். மஞ்சள் கலர்ல எச்சரிக்கை, 'கரண்ட் பெண்டிங் செக்டார்' பூஜ்யமா இருக்க வேண்டிய இடத்துல பெரிய நம்பர். அதாவது, படிக்க முடியாம டிஸ்க் தவிக்கிற இடங்கள். ஒரு இடத்தைப் படிக்க முடியலைன்னா டிஸ்க் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும். அது பதில் சொல்ற வரைக்கும் விண்டோஸ் வாயைப் பார்த்துக்கிட்டு நிக்கும். நாம ஹேங்னு சொல்றது அதைத்தான்.

பென் டிரைவ்ல லினக்ஸ் போட்டு, டிஸ்கைத் தொடாம ரெண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். ஒரு தடவை கூட நிக்கலை. ரேம், போர்டு எல்லாம் நல்லா இருக்கு. டிஸ்க் மட்டும்தான் சாகக் கிடக்கு.

ஃபார்மட் போட்டா ஏன் பத்து நாள் ஓடுச்சுன்னும் புரிஞ்சது. சாதாரணமா போடுற குயிக் ஃபார்மட் டிஸ்க் நல்லா இருக்கான்னு பார்க்கிறதே இல்லை. புது விண்டோஸ் ஃபைல்கள் தற்செயலா வேற நல்ல இடத்துல போய் உக்காந்திருக்கு, அவ்வளவுதான். 'ஃபார்மட் போட்டா சரியாயிருது'ங்கிற நம்பிக்கையே இந்தப் பத்து நாள்லருந்து வந்ததுதான்னு எனக்குத் தோணுது.

கடைக்காரர்களைத் திட்டறது சுலபம். ஆனா எங்க ஊர்ல ஊசி போடாத டாக்டர் டாக்டரே இல்லை. "ரெண்டு நாள் வச்சிருந்து என்ன கோளாறுன்னு பார்க்கேன், அதுக்கு முன்னூறு ரூபா ஆகும்"னு ஒருத்தர் சொன்னா நாம குடுப்போமா? "ஒண்ணுமே செய்யாம முன்னூறா?"ன்னு எந்திரிச்சு வந்துருவோம். ஃபார்மட்னா ஏதோ செஞ்ச மாதிரி கண்ணுக்குத் தெரியும், காசு குடுக்க மனசு வரும். கண்டுபிடிக்கிறதுக்குக் காசு இல்லைன்னு நாம முடிவு பண்ணிட்டோம், அப்புறம் யார் கண்டுபிடிப்பா? ஆபீஸ்ல நான் லாக் பார்க்காம சர்வரை ரீஸ்டார்ட் பண்ணினா மேனேஜர் தோலை உரிச்சிருவார். சொந்தத் தங்கச்சிக்கு மட்டும் அரை நிமிஷ வைத்தியம்.

இந்த மாதிரி டிஸ்குக்கு முதல் வேலை, மேற்கொண்டு எதுவும் எழுதாம அதுல உள்ளதை இன்னொரு டிஸ்குக்குக் காப்பி எடுக்கிறது. டிடிரெஸ்க்யூன்னு லினக்ஸ்ல ஒரு புரோகிராம், நல்ல இடத்தை எல்லாம் முதல்ல எடுத்துட்டு கெட்ட இடத்துக்குக் கடைசியா வரும். ராத்திரி முழுக்க ஓடுச்சு. அந்தக் காப்பி மேல போட்டோரெக்கை ஓட்டினேன். அது ஃபைல் பேர் எதையும் பார்க்காது, தரவை வச்சே ஃபைலை அடையாளம் கண்டு தோண்டி எடுக்கும். புது விண்டோஸ் மேல எழுதின இடம் போனது போனதுதான். 41-ல் 26 கிடைச்சது.

இதையும் சொல்லிடறேன். இப்போ வர்ற எஸ்எஸ்டியா இருந்தா அந்த 26-ம் கிடைச்சிருக்கிறது கஷ்டம். ஃபார்மட் போட்டதுமே 'இந்த இடமெல்லாம் வேண்டாம்'னு விண்டோஸ் அதுக்குச் சொல்லிரும், அதுவும் துடைச்சு வச்சுரும். 2025 மார்ச் பட்ஜெட்டில் ரெண்டு வருஷத்துல 20 லட்சம் காலேஜ் பிள்ளைகளுக்கு லேப்டாப் இல்லைன்னா டேப்லட்னு அறிவிச்சாங்க. நல்ல விஷயம். வாரண்டி முடிஞ்ச பிறகு அதெல்லாம் ஹேங் ஆகும்போது என்னை மாதிரி ஒரு அண்ணன் போன்ல என்ன சொல்லப் போறான்ங்கிறதுதான் என் பயம்.

ரெண்டாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டேன். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோட சப்போர்ட் முடிஞ்சு போச்சு, 11 இதுல ஏறாது. லினக்ஸ் மிண்ட் போட்டுக் குடுத்தேன். பாஸை அழிச்ச பாவம் :-)

கிடைச்ச ஃபைல்களுக்குப் பேர் இல்லை, வெறும் நம்பர்தான். தங்கச்சி ஒவ்வொண்ணா கேட்டு பேர் வச்சுக்கிட்டு இருக்கா. ஒண்ணுல தாத்தா "அன்னைக்கு ஒரு மழை பிடிச்சுது பாரு"ன்னு ஆரம்பிக்கிறார், நாப்பது செகண்டில் நின்னு போகுது. "அதுக்கப்புறம் என்ன சொன்னாரு, உனக்கு ஞாபகம் இருக்கா?"ன்னு கேட்டேன்.

"இல்லைண்ணே. அதான் ரெக்கார்ட் ஆகுதேன்னு நான் சரியாவே கேக்கலை"ன்னா.