எலும்பும் பிராணனும்

நம்மிடம் முன்னொரு காலத்தில் கணக்குப் படித்த பையன் ஒருவன், சென்ற மாதம் ஓர் இரவு மோட்டார் சைக்கிளில் வரும்போது லாரி மோதி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டான். விலா எலும்புகள் முறிந்து சுவாசப்பையிலும் காயம். வலது தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. டாக்டரோ தோலுக்கு வெளியே ஓர் உலோகச் சட்டத்தைப் பொருத்திக் காலை அசையாமல் நிறுத்தியதோடு சரி. "உள்ளே ஆணி வைப்பதை ஒரு வாரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டார்.

தகப்பனாருக்கு வந்ததே கோபம்! "எலும்பு முறிந்து கிடக்கிறது, இவர்கள் காத்திருக்கிறார்களாமே, ஸார்! வேறிடத்துக்குக் கொண்டுபோய்விடுகிறேன்" என்று ஆம்புலன்ஸுக்கும் சொல்லிவிட்டார். உண்மையைச் சொன்னால், நமக்கும் அதுவே நியாயமாகத் தோன்றியது. டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார்.

தொடை எலும்பு முறிந்தால் தொடைக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் கசிந்து தேங்கக் கூடும். பலத்த காயம் பட்டதும் சரீரம் முழுவதும் யுத்தத்துக்குக் கிளம்புகிறது. காப்பாற்ற வந்த வெள்ளணுக்களே வரம்பு மீறி, அடிபடாத உறுப்புகளையும் தாக்கத் தொடங்கலாம். அச்சமயத்தில் எலும்பின் மஜ்ஜைக் குழியைக் குடைந்து நீண்ட ஆணியைச் செலுத்தினால், மஜ்ஜையின் கொழுப்புத் துளிகள் ரத்தத்தில் கலந்து சுவாசப்பையில் போய் அடைத்துக்கொள்ளும். ரத்தச் சேதம் வேறு. முதல் அடி லாரி கொடுத்தது. இரண்டாம் அடியைச் சிகிச்சையே கொடுத்துவிடும்!

வைத்திய உலகம் சிரமப்பட்டுக் கற்ற பாடம் இது. ஜெர்மனியில் கீல் நகரத்து டாக்டர் குன்ட்ஷர் 1939-ல் ஆணி முறையைக் கையாண்டார். அதற்கு முன் பெரும்பாலான நோயாளிகள் காலில் எடையைக் கட்டிக்கொண்டு வாரக் கணக்கில் மல்லாந்து கிடந்தார்கள். அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்து வைத்தியர்கள் 178 பேரைக் கொண்டு நடத்தி 1989-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, பல காயங்கள் பட்டவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் எலும்பை நிலைநிறுத்தினால் சுவாசப்பைக் கோளாறுகள் குறைகின்றன என்று காட்டிற்று. 'உடனே செய்' என்பதே மந்திரமாயிற்று. ஆனால் 1993-ல் ஹானோவர் வைத்தியர்கள், மார்பிலும் காயம் பட்டவர்களுக்கு அவசரப்பட்டு ஆணி செலுத்துவது சுவாசப்பைக்கே ஆபத்தாகலாம் என்று எச்சரித்தார்கள். 2000-ல் பால்டிமோர் வைத்தியர்கள், அத்தகையவர்களுக்கு வெளிச்சட்டத்தைத் தற்காலிகப் பாலமாக வைத்துப் பின்னர் ஆணிக்கு மாறலாம் என்று எழுதினார்கள்.

அப்படியானால் தாமதமே உத்தமமா? அதுவும் இல்லை. தேக நிலை திடமாயிருப்பவருக்கு முதல் நாளே ஆணி செலுத்துவது நல்லது. படுக்கையிலேயே கிடந்தால் சுவாசப்பையில் சளி கட்டும், கால் நாளங்களில் ரத்தம் உறையும். வெளிச்சட்டத்தையும் நெடுநாள் வைத்திருக்க முடியாது. கம்பி நுழைந்த இடங்களில் சீழ் பிடிக்கக் கூடும். ஆகவே ரத்த அழுத்தம், உடம்பின் சூடு, ரத்தம் உறையும் சக்தி, ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தின் அளவு, சுவாசத்தின் நிலை ஆகியவற்றைப் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும். பஞ்சாங்கமும் உதவாது, நம் பதற்றமும் உதவாது.

ஆம்புலன்ஸ் திரும்பிப் போயிற்று. ஒன்பதாம் நாள் ஆணி வைத்தார்கள். அத்தகைய வேளை எந்தக் குடும்பத்துக்கும் வர வேண்டாம். வந்தால், "ஆபரேஷன் எப்போது?" என்று கேட்குமுன், "உடம்பு இப்போது அதைத் தாங்குமா?" என்று கேட்பது விவேகம்.

பையன் ஊன்றுகோலுடன் நடை பழகுகிறான். தகப்பனாருக்கு இப்போது வேறு கவலை: மோட்டார் சைக்கிளை எப்போது பழுது பார்க்கலாம் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டானாம்!